படிப்பு ஏறாத பிள்ளையா? அடிக்கும் முன் இதைப் படியுங்கள்

நாவலூர், தாழம்பூர், படூர், சிறுசேரி வட்டாரத்துத் தாய்மார்களே, தந்தைமார்களே!

இந்தத் துண்டுப் பிரசுரம் தடுப்பூசி பற்றியதோ, கருத்தடை பற்றியதோ அல்ல. அளவாகப் பெற்றுக்கொள்வது மட்டும் குடும்ப நலம் ஆகிவிடாது. பெற்ற பிள்ளையைப் புரிந்துகொண்டு வளர்ப்பதும் குடும்ப நலமே. படிக்கத் தெரிந்தவர்கள் இதைக் கணவன் மனைவி இருவரும் இருக்கும்போது உரக்கப் படிக்கவும். பக்கத்து வீட்டாருக்கும் படித்துக் காட்டவும்.

வீட்டில் ஒரு பிள்ளை இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். நாலாவது படிக்கிறான். சைக்கிள் செயின் கழன்றால் அவனே மாட்டிவிடுகிறான். பார்த்த சினிமாக் கதையை ஒரு காட்சி விடாமல் சொல்கிறான். கடைக்கு அனுப்பினால் ஐந்து சாமானும் சரியாக வருகிறது, சில்லறையும் சரியாக வருகிறது. ஆனால் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் நாலு வரி வாசிக்க முடியவில்லை. எழுத்துக் கூட்டுவதற்குள் வியர்த்துப் போகிறது. அம்மா சொல்கிறாள்: “எல்லாத்துலயும் கெட்டிக்காரன்தான். புஸ்தகத்தைக் கண்டா மட்டும் வயித்து வலி வந்துடுது.” அப்பா சொல்கிறார்: “வலியும் இல்ல ஒண்ணும் இல்ல, கொழுப்பு. ரெண்டு போட்டா சரியாப் போயிடும்.” பாட்டி திருஷ்டி சுற்றிப் போடுகிறாள்.

அந்தப் பிள்ளைக்குக் கொழுப்பும் இல்லை, திருஷ்டியும் இல்லை. அவனுக்குக் கற்றல் குறைபாடு இருக்கக்கூடும்.

கற்றல் குறைபாடு என்றால் என்ன? புத்தி இருக்கிறது, கண் தெரிகிறது, காது கேட்கிறது, பள்ளிக்கூடத்துக்கும் ஒழுங்காகப் போகிறான். இருந்தும் வாசிப்பது, எழுதுவது, கணக்குப் போடுவது ஆகியவற்றில் ஒன்றோ இரண்டோ மட்டும் வயதுக்குத் தக்கபடி வருவதில்லை. வாசிப்பில் வரும் குறைக்கு டிஸ்லெக்ஸியா என்றும், எழுதுவதில் வந்தால் டிஸ்கிராஃபியா என்றும், கணக்கில் வந்தால் டிஸ்கால்குலியா என்றும் டாக்டர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் உங்களுக்கு மனப்பாடம் ஆக வேண்டியதில்லை. பள்ளி வயதுப் பிள்ளைகளில் 100க்கு 5 முதல் 15 பேருக்கு இப்படி ஏதாவது ஒன்று இருப்பதாக மருத்துவ நூல்கள் கூறுகின்றன. அப்படியானால் 40 பிள்ளைகள் உட்காரும் வகுப்பில் இரண்டு பேருக்காவது இருக்கலாம். நம் தெருவிலும் இருக்கலாம்.

இது ஏதோ இந்தக் காலத்தில் புதிதாக முளைத்த வியாதி என்று நினைக்க வேண்டாம். 1896ல் இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்ற டாக்டர் 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். பையன் சுறுசுறுப்பானவன், விளையாட்டில் யாருக்கும் சளைத்தவன் இல்லை. கண் பார்வையில் குறையில்லை, கணக்கும் வந்தது. வருஷக்கணக்கில் வாத்தியார் வைத்துச் சொல்லிக் கொடுத்தும் வாசிக்க மட்டும் வரவில்லை. பர்ஸி என்ற தன் சொந்தப் பெயரையே எழுத்து மாற்றி ‘பிரெஸி’ என்று எழுதினானாம். பாடம் முழுவதையும் வாயால் சொல்லி நடத்தினால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரனாக இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதையும் டாக்டர் எழுதி வைத்திருக்கிறார். வெள்ளைக்காரப் பிள்ளைக்கும் வந்தது, நம் பிள்ளைக்கும் வருகிறது. எந்த மொழி படித்தாலும் வரும்.

நம் தமிழில் அது எப்படித் தெரியும்? இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால் வாசிக்கத் தெரிந்த நமக்குத் தமிழ் எழுத்து எவ்வளவு கடினம் என்பது மறந்து போய்விட்டது.

உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் என்று 247 எழுத்து. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று வருஷத்தில் அது பிடிபட்டுவிடுகிறது. ஆனால் ‘கெ’ என்ற எழுத்தைப் பாருங்கள். காதில் முதலில் விழுவது ‘க்’, பிறகுதான் ‘எ’. எழுதும்போதோ கொம்பை முன்னால் போட்டு, க-வைப் பின்னால் போடுகிறோம். ‘கொ’ இன்னும் மோசம். கொம்பு முன்னால், கால் பின்னால், எழுத்து நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. அப்புறம் ஒரே ‘க’. ‘கடல்’ என்றால் ஒரு சத்தம், ‘தங்கம்’ என்றால் ஒரு சத்தம், ‘பகல்’ என்றால் வேறொரு சத்தம். ரெண்டு சுழி ன, மூணு சுழி ண, தந்நகரம் என்று மூன்று. சின்ன ர, பெரிய ற என்று இரண்டு. ல, ள, ழ என்று மூன்று. போதாததற்கு நாம் வீட்டில் ‘வந்துட்டான்’ என்கிறோம், புத்தகத்தில் ‘வந்துவிட்டான்’ என்று அச்சடித்திருக்கிறது. சத்தத்தையும் எழுத்தையும் மூளையில் முடிச்சுப் போடுவதில்தான் இந்தப் பிள்ளைகளுக்குச் சிரமம். மற்றப் பிள்ளைக்குத் தானாக விழுகிற முடிச்சு இவனுக்கு ஒவ்வொன்றாகப் போட்டுக் கொடுத்தால்தான் விழும்.

ஆகவே இவன் ‘தம்பி’ என்பதைத் ‘தபி’ என்று எழுதுவான். ‘பட்டம்’ ‘படம்’ ஆகிவிடும். புள்ளி வைத்த எழுத்து காணாமல் போகும். கொம்பு தப்பான எழுத்தில் போய் உட்காரும். முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மிச்சத்தைக் குத்துமதிப்பாகச் சொல்வான். படம் இருந்தால் படத்தைப் பார்த்துக் கதை விடுவான்! போர்டில் இருப்பதை எழுதி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். கணக்கில் 12ஐ 21 என்று எழுதலாம். கூட்டலில் மீதி எடுத்துப் போட மறந்துவிடலாம். நேற்று ஒப்பித்த வாய்ப்பாடு இன்று துடைத்த பலகை மாதிரி இருக்கலாம்.

ஓர் எழுத்தைத் திருப்பிப் போட்டதும் பயந்துவிடக் கூடாது. 6, 7 வயது வரை எல்லாப் பிள்ளைகளும் அப்படி எழுதுவது சகஜம். மூன்றாம் வகுப்பு வந்த பிறகும், சொல்லிக் கொடுத்த பிறகும், மாதக்கணக்கில் அதே தப்பு மாறாமல் இருந்தால்தான் கவனிக்க வேண்டும். இடது கையால் எழுதுவது குறையே அல்ல. கையை மாற்றச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள்.

இனி வீட்டுக்கு வீடு நடக்கிற சண்டைக்கு வருவோம். “உங்க வம்சத்துல எவன் படிச்சான்?” என்று மனைவி கேட்கிறாள். “நீ கர்ப்பமா இருந்தப்ப கிரகணத்துல வெளிய போனே” என்று மாமியார் சொல்கிறாள். உண்மை இதுதான். சத்தத்தையும் எழுத்தையும் கையாளுகிற மூளைப் பகுதிகள் இந்தப் பிள்ளைகளிடம் வேறு விதமாக வேலை செய்கின்றன. இது பல குடும்பங்களில் வழிவழியாக வருகிறது. அப்பா வழியிலும் வரலாம், அம்மா வழியிலும் வரலாம். ‘எனக்கும் சின்ன வயசுல இப்படித்தான் இருந்தது, அதான் எட்டாவதோட நின்னுட்டேன்’ என்று நினைவு கூர்கிற தகப்பன்மார் உண்டு. குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கும், எடை குறைவாகப் பிறந்த பிள்ளைக்கும் வருகிற வாய்ப்பு சற்று அதிகம். கர்ப்பக் காலப் பரிசோதனை, இரும்புச் சத்து மாத்திரை, மருத்துவமனைப் பிரசவம் என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தாய் தின்ற பண்டத்தாலும் வருவதில்லை, தகப்பன் செல்லம் கொடுத்ததாலும் வருவதில்லை.

“அடுத்த பிள்ளைக்கும் வருமா?” என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு பிள்ளைக்கு இருந்தால் தம்பி தங்கைக்கு வரும் வாய்ப்பு மற்றக் குடும்பங்களை விட அதிகம்தான். கட்டாயம் வரும் என்பதில்லை. இதை வைத்து இரண்டாவது பிள்ளை வேண்டாம் என்று முடிவு செய்ய வேண்டியதில்லை. தம்பியையோ தங்கையையோ 5 வயதிலிருந்தே கவனித்து வந்தால் போதும்.

ஆனால் ஒரு பிள்ளை படிக்கவில்லை என்றவுடனே இதுதான் என்று நீங்களே முத்திரை குத்திவிடவும் கூடாது. முதலில் கண்ணைச் சோதிக்க வேண்டும். போர்டு தெரியாத பிள்ளை எப்படி எழுதும்? காதில் சீழ் வடிந்த பிள்ளைக்குக் கேட்பது குறைந்திருக்கும். ரத்த சோகை உள்ள பிள்ளை வகுப்பில் சோர்ந்து உட்கார்ந்திருக்கும். சில பிள்ளைகள் பேசிக்கொண்டே இருக்கும்போது சில விநாடி வெறித்துப் பார்த்துவிட்டு மறுபடி சாதாரணமாக ஆகிவிடுவார்கள். அது ஒரு வகை வலிப்பு, மருந்தால் கட்டுப்படும். ஓரிடத்தில் உட்காரவே முடியாமல், கவனம் நிற்காமல் இருக்கிற பிள்ளைக்குக் கவனக்குறைவு என்ற வேறொரு நிலை தனியாகவோ கற்றல் குறைபாட்டுடன் சேர்ந்தோ இருக்கலாம். பேச்சு, நடை, விளையாட்டு எல்லாவற்றிலுமே பின்தங்கியிருந்தால் அது அறிவு வளர்ச்சிக் குறைவு, அதற்கு வழி வேறு.

படிப்பு விட்டுப் போனதாலும் இப்படித் தோன்றும். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிகளை மூடினார்களே, அப்போது ஒன்றாவது, இரண்டாவது படித்த பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தே நழுவிப் போயிற்று. இங்கே பழைய மகாபலிபுரம் சாலையில் கட்டட வேலைக்கு வெளியூர்களிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் வந்து தங்கும் குடும்பங்களில், வருஷத்துக்கு ஒரு பள்ளி மாறுகிற பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு வேண்டியது ஓரிடத்தில் நிலையாகப் படிக்கிற வசதி. அதே போல, தமிழில் தடுமாறுகிறான் என்று இங்கிலீஷ் மீடியத்தில் போடுவதும், அங்கே முடியவில்லை என்று மறுபடி கொண்டுவருவதும் பிள்ளையைக் கிணற்றில் தள்ளுகிற காரியம். வீட்டில் பேசுகிற மொழியிலேயே முதலில் வாசிப்பு ஊன்றட்டும்.

இப்போது அடி விஷயம். வருகிறவனை அடித்தால் பயந்துகொண்டு படிக்கலாம். வராதவனை அடித்தால் என்ன ஆகும்? நொண்டுகிற பிள்ளையை ஓடச் சொல்லி அடிக்கிற மாதிரிதான். முதலில் பொய் சொல்வான். நோட்டை ஒளிப்பான். அப்புறம் தலைவலி, வயிற்று வலி. பள்ளிக்குக் கிளம்பிப் போய் ஏரிக்கரையில் உட்கார்ந்துவிட்டுச் சாயங்காலம் திரும்புவான். ‘மக்கு’, ‘தண்டம்’ என்று பத்து வருஷம் கேட்ட பிள்ளை அதையே நம்பிவிடும். எட்டாவதோடு நின்று சித்தாள் வேலைக்குப் போகிற பையன்களில், ‘படிப்பு ஏறல’ என்று பதினைந்து வயதில் மாப்பிள்ளை பார்க்கப்படுகிற பெண்களில், இந்தக் குறை ஒன்றைத் தவிர வேறெதுவும் இல்லாத பிள்ளைகள் எத்தனை பேரோ! பெண்ணுக்கு 18 வயது ஆகுமுன் கல்யாணம் செய்வது 2006ம் வருஷச் சட்டப்படி குற்றம். பள்ளிக்கூடத்தில் பிள்ளையை அடிப்பதும் மனம் புண்படப் பேசுவதும் 2009ம் வருஷக் கட்டாயக் கல்விச் சட்டப்படி கூடாது. அந்தச் சட்டம் பள்ளியோடு நிற்கிறது. நம் வீட்டுக்குள் நாம்தான் நிறுத்த வேண்டும்.

மருந்து உண்டா என்றால், கற்றல் குறைபாட்டுக்கு மாத்திரை கிடையாது. ஞாபக சக்தி டானிக் என்று விற்பதையெல்லாம் வாங்கிக் காசை விடாதீர்கள். வல்லாரைக் கீரை சமைத்துக் கொடுங்கள், கீரை நல்லதுதான். அதனால் எழுத்துக் கூட்ட வந்துவிடாது. டியூஷனும் அப்படித்தான். வகுப்பில் ஓடிய அதே பாடத்தை அதே வேகத்தில் சாயங்காலம் இன்னொரு தடவை ஓட்டுவதால் இவனுக்குப் பலனில்லை. இவனுக்கு வேண்டியது வேறு விதமாக, மெதுவாக, ஒவ்வொரு சத்தமாகச் சொல்லித் தருகிற தனிப் பயிற்சி. அதைச் சிறப்பாசிரியர்கள் செய்வார்கள். சீக்கிரம் தொடங்கினால் நல்ல பலன் உண்டு. குறை அடியோடு மறைந்துவிடும் என்று சொல்வதற்கில்லை. வாசிப்பு மெதுவாகவே இருக்கலாம், ஆனால் வாசிப்பான்.

வீட்டில் நீங்களும் செய்யலாம். எழுத்துத் தெரியாத தாயும் செய்யலாம். சமையல் செய்துகொண்டே விளையாட்டாகக் கேளுங்கள்: “மாமரத்துல மா-வை எடுத்துட்டா என்னடா மிச்சம்?” “பல்லுல ப-வுக்குப் பதிலா க போட்டா?” மரம் என்பான், கல் என்பான். சொல்லைக் கைதட்டி உடைக்கச் சொல்லுங்கள்: த-லை-வ-லி, நாலு தட்டு. வாசிப்புக்கு அஸ்திவாரமே இந்தச் சத்த விளையாட்டுதான்.

எழுத்துக்குத் தாம்பாளத்தில் மணலோ தவிடோ பரப்புங்கள். விரலால் பெரிதாக எழுதச் சொல்லுங்கள். எழுதும்போதே வாய்விட்டுச் சத்தத்தைச் சொல்ல வேண்டும். கை, கண், காது, வாய் நாலும் ஒரே சமயத்தில் வேலை செய்தால் முடிச்சு இறுகும். இதை மேல்நாட்டில் பெரிய பாடத்திட்டமாகவே வைத்திருக்கிறார்கள். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் எழுதிப் பழகியவர்களுக்கும், விஜயதசமியில் அரிசியில் ‘அ’ எழுதிய நமக்கும் இது ஒன்றும் அதிசயம் இல்லை. ஒரு நாளைக்கு ஓர் எழுத்து போதும். கால் மணி நேரம் போதும். அவன் சலித்துக்கொள்வதற்கு முன் நிறுத்திவிடுங்கள். கணக்குக்கு ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டிக் கொடுத்தால் ‘மீதி’ என்பது என்ன என்று கையில் தெரியும். புளியங்கொட்டையும் ஆகும்.

வீட்டில் படித்த அண்ணனோ அக்காவோ இருந்தால் பாடத்தை வாசித்துக் காட்டட்டும், இவன் கேட்டுப் பதில் சொல்லட்டும். அரசுப் பாடப் புத்தகங்களில் கட்டம் கட்டமாக ஒரு சதுரக் குறி அச்சடித்திருக்கும். அதைப் போனில் காட்டினால் பாடம் படமாகவும் பேச்சாகவும் வரும். போனைக் கொடுத்தால் கெட்டுப் போவான் என்று பயப்படுகிற வீட்டில், பக்கத்தில் உட்கார்ந்து கொடுங்கள். எழுதியதில் எத்தனை தப்பு என்று எண்ணாமல், என்ன சரியாக எழுதினான் என்று முதலில் சொல்லுங்கள். சைக்கிள் செயின் மாட்டுகிறானே, அதையும் நாலு பேர் முன்னால் சொல்லுங்கள்.

எங்கே போவது? முதலில் வகுப்பாசிரியரிடம் போங்கள். சண்டைக்குப் போகிற மாதிரிப் போகாமல், நோட்டுகளைக் காட்டி, ‘வீட்டுல வாயால கேட்டா சொல்றான், எழுத வரல’ என்று சொல்லுங்கள். அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு வருஷத்துக்கு ஒரு முறையும் அங்கன்வாடிக்கு இரண்டு முறையும் நடமாடும் மருத்துவக் குழு வரும். 2013ல் தொடங்கிய தேசியத் திட்டம் அது. பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை பார்ப்பார்கள், அவர்கள் பார்க்கிற பட்டியலில் கற்றல் குறைபாடும் உண்டு. அன்றைக்குப் பிள்ளைக்கு லீவு போட்டுவிடாதீர்கள். வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர் இருப்பார், தலைமையாசிரியர் மூலம் கேளுங்கள்.

செங்கற்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவிலோ, எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையிலோ காட்டலாம். நமக்கு இன்னும் பக்கம் முட்டுக்காடு. கேளம்பாக்கம் போய்க் கோவளம் வழியாகத் திரும்பினால் கிழக்குக் கடற்கரைச் சாலையில், 2005ல் மத்திய அரசு அமைத்த பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. அங்கே உளவியலாளர்களும் சிறப்புக் கல்வி ஆசிரியர்களும் உண்டு. சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் என்ற சங்கம் 1991 முதல் இதற்காகவே வேலை செய்கிறது. ஆசிரியர்களுக்கும் பயிற்சி தருகிறது.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. 1995ம் வருஷ ஊனமுற்றோர் சட்டத்தில் கற்றல் குறைபாடு இல்லை. 2016ம் வருஷச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகளில் ஒன்றாக அதைச் சேர்த்தார்கள். சான்றிதழ் வாங்க 8 வயது நிறைந்திருக்க வேண்டும் என்று 2018ல் மத்திய அரசு வெளியிட்ட வழிமுறை சொன்னது. குழந்தை டாக்டர் கண், காது பார்த்த பிறகு, உளவியலாளர் அறிவுத் திறனையும் வாசிப்பு, எழுத்து, கணக்கையும் சோதிப்பார். ஒரே நாளில் முடியாது, இரண்டு மூன்று தடவை வரச் சொல்வார்கள். கூலி போகிறதே என்று பாதியில் விட்டுவிடாதீர்கள். 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி சோதிக்க வேண்டும் என்றும் அந்த வழிமுறையில் இருந்தது. சான்றிதழ் இருந்தால் பத்தாவது, பன்னிரண்டாவது பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள், ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கு போன்ற சலுகைகளுக்கு விண்ணப்பிக்கலாம். தேர்வு நெருங்கியபின் ஓடினால் முடியாது. ஒன்பதாவது படிக்கும்போதே தலைமையாசிரியரிடம் பேசிவிடுங்கள்.

‘சான்றிதழ் வாங்கினா ஊர் சிரிக்குமே, நாளைக்குப் பொண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்குமா’ என்று தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் காகிதம் பள்ளிக்கும் தேர்வுத் துறைக்கும் காட்டத்தானே தவிர, வாசலில் ஒட்டி வைக்க இல்லை.

மருத்துவமனைக்குப் போகும்போது பிள்ளையின் இந்த வருஷ, போன வருஷ நோட்டுகள், மதிப்பெண் அட்டை, ஆதார் அட்டை, தாய் சேய் நல அட்டை இருந்தால் அதுவும், கண்ணாடி போட்டிருந்தால் கண்ணாடி, இவற்றை எடுத்துச் செல்லவும். கணவன் மனைவி இருவரும் போவது நல்லது. பிள்ளை எப்போது நடந்தது, எப்போது பேசியது, குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்பார்கள். சந்தேகம் இருந்தால் உடல்நலம் பற்றி 104 எண்ணிலும், பள்ளிப் படிப்பு பற்றி 14417 எண்ணிலும் தொலைபேசியில் கேட்கலாம்.